மழைக்கு மறுநாள் சோளத்தட்டு

வேர் எப்படித் தண்ணீரை உறிஞ்சுகிறது என்று கேட்டால் நீங்கள் எல்லோரும் கரும்பலகையில் அழகாகப் படம் போடுவீர்கள். வேர்த்தூவி, சவ்வு, மேலே ஏறும் குழாய், எல்லாவற்றுக்கும் அம்புக்குறி. மார்க்கும் நிறைய வாங்கியிருப்பீர்கள். எனக்கு அந்தப் பாடத்தை யார் எடுத்தாலும் அம்புக்குறி ஞாபகம் வராது. ஒரு காளையின் காதிலிருந்து சொட்டிய ரத்தம்தான் ஞாபகம் வரும்.

சர்வீஸில் செய்த சாதனைகளைப் பேசச் சொல்லித்தான் உங்கள் அதிகாரி என்னை அழைத்தார். சாதனையெல்லாம் என் பிரிவு உபசார விழாவிலேயே மாலை போட்டுப் பேசி முடித்துவிட்டார்கள். அதில் பாதி பொய். நான் பயந்த கதை ஒன்று இருக்கிறது. புதிதாக வேலைக்கு வந்திருக்கிறவர்களுக்கு அதுதான் உதவும். கொட்டாவி வந்தால் தாராளமாக விடுங்கள், ஆனால் எழுந்து போகாதீர்கள்.

எழுபதுகளின் ஆரம்பம். அப்போது நான் கிராம சேவக், ஊர் ஊராகப் போய் விவசாய யோசனை சொல்லும் வேலை. மொரப்பூருக்குக் கிழக்கே இருந்த ஊர்கள் என் பொறுப்பு. ஒன்றிய அலுவலகத்தில் கொடுத்த வேலையும், சொந்தமாக வாங்கிய ஒரு சைக்கிளும்தான் என் ஆஸ்தி. ஹைபிரிட் சோளம் வந்து ஊரெல்லாம் பரவிக்கொண்டிருந்த காலம். விதையோடு யூரியாவும் வந்தது. எங்கள் பக்கத்தில் அதற்கு யூரியா என்று பெயர் கிடையாது. உப்பு என்பார்கள். வெள்ளை வெளேரென்று இருந்தால் பின்னே என்னவென்று சொல்வார்கள்?

அதில் ஒரு ஊரில் அந்த வருஷம் ஆடியில் விதைத்தார்கள். முதல் தூறலில் முளைத்து, முழங்கால் உயரம் வந்தது. அந்தப் பருவத்தில் உப்புப் போட வேண்டும், போட்டார்கள். போடச் சொன்னது நான்தான். அதில் தப்பு ஒன்றும் இல்லை, எந்த ஊரிலும் அப்படித்தான் போடுவார்கள். ஆனால் அதற்குப் பிறகு வானம் மூடிக்கொண்டுவிட்டது. ஒரு சொட்டு இல்லை. சோளம் சுருண்டு, அதே முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டது. மாடுகளுக்குப் போன வருஷத்து வைக்கோலும் தீர்ந்து, விலா எலும்பை எண்ணலாம் போல ஆகிவிட்டது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வாடிய இளஞ்சோளம் மாட்டைக் கொல்லும் என்பது அந்த ஊர்க்காரர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதற்கு அவர்களிடம் ஒரு சட்டமே இருந்தது. சோளம் வாடிக் கிடக்கும்போது மாட்டை அந்தப் பக்கமே விடமாட்டார்கள். மாடு பசியில் கத்தினாலும் விடமாட்டார்கள். நல்ல மழை ஒன்று பெய்து, பயிர் நிமிர்ந்து பச்சை கட்டினால், அறுத்துப் போடலாம். பாட்டன் பூட்டன் காலத்துச் சட்டம். அதில் ஒருவரும் தவறியதில்லை.

ஆவணிக் கடைசியில் மழை பெய்தது. நல்ல மழை. மறுநாளே சோளம் நிமிர்ந்துவிட்டது. கதிர் வராது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால், மாடாவது பிழைக்கட்டும் என்று அரிவாளை எடுத்துக்கொண்டு ஊரே சோளக்காட்டுக்குப் போனது. நான் பகல் பொழுதில் போய்ச் சேர்ந்தபோது ஊர்க்கவுண்டர் வீட்டுக் கொட்டகை முன்னால் ஒரே கூட்டம். அவருடைய உழவுக்காளை ஒன்று காலை விரித்துக்கொண்டு நடுங்கி நின்றது. வாயில் நுரை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முன்னங்கால் மடங்கித் தொப்பென்று விழுந்தது.

"பாம்புதான் கடிச்சிருக்குது," என்றார் ஒருவர்.

"மழ பேஞ்சா புத்துலருந்து வெளிய வரத்தான செய்யும்," என்றார் இன்னொருவர்.

கூட்டத்துக்கு உயிர் வந்தது. எல்லோரும் பாம்பு பாம்பு என்று பேச ஆரம்பித்தார்கள். சொல்கிறேன் கேளுங்கள், நானும் பாம்பாகவே இருக்கட்டும் என்று மனதுக்குள் மாரியாத்தாளை வேண்டிக்கொண்டேன். பாம்பு என்றால் ஒரு மாட்டோடு போயிற்று. சோளம் என்றால் ஊரில் இருக்கிற அத்தனை மாட்டுக்கும் ஆபத்து.

விழுந்த மாட்டுக்குக் காதைக் கீறி ரத்தம் விடுவது அங்கே வழக்கம். கவுண்டரின் தம்பி கத்தி கொண்டு வந்து கீறினார். சொட்டிய ரத்தத்தைக் குனிந்து பார்த்தேன். சிவப்பு இல்லை. கருப்பட்டிப் பாகு நிறம்.

பயிற்சி மையத்தில் எங்களுக்குப் பாடம் எடுத்தவர் ஒரு நாள், மணி அடிக்கப் போகிற நேரத்தில், ஒரு வார்த்தை சொன்னார். வறட்சியில் நின்ற பயிருக்கு உரம் போட்டிருந்தால், மழை பெய்த உடனே அதை மாட்டுக்குப் போடாதே, ரத்தம் நிறம் மாறிச் சாகும் என்றார். அவ்வளவுதான். மணி அடித்துவிட்டது. பரீட்சையில் கேட்கமாட்டார்கள் என்று நான் அதை எழுதிக்கூட வைக்கவில்லை. அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அன்று நின்றேன். சரியாகக் கேட்டேனா, பாதி தூக்கத்தில் நானே கற்பனை செய்துகொண்டேனா என்றுகூடத் தெரியவில்லை.

அதனால் நின்ற இடத்திலேயே வேரைப் பற்றி யோசித்தேன். வேருக்குப் பல் கிடையாது, மென்று தின்னத் தெரியாது, குடிக்க மட்டும்தான் தெரியும். உப்போ சத்தோ தண்ணீரில் கரைந்தால்தான் உள்ளே போகும். காய்ந்த மண்ணில் நாம் போட்ட யூரியா வாரக்கணக்காகச் சும்மா கிடந்தது, கிடந்து நைட்ரேட்டாக மாறியது. பயிர் பக்கத்திலேயே நின்றும் தொட முடியவில்லை. இப்போது மழை வந்து அத்தனையையும் ஒரே நாளில் கரைத்துக் கொடுக்கிறது. நா வறண்டு கிடந்த வேர் மடக் மடக்கென்று குடிக்கிறது. தண்ணீரோடு நைட்ரேட்டும் மேலே ஏறுகிறது. அதை இலை சமைத்துச் சத்தாக மாற்ற வெயில் வேண்டும், நாள் வேண்டும். வானமோ மூட்டமாக இருக்கிறது. சமைக்காத சரக்கு முழுவதும் தண்டில், அதிலும் அடித்தண்டில், அப்படியே நிற்கிறது. இவர்கள் பசிக் கொடுமையில் தரையோடு ஒட்ட அறுத்துப் போட்டிருக்கிறார்கள். மாட்டின் வயிற்றில் அது விஷமாகி ரத்தத்தில் கலந்தால், மாடு மூச்சு விட்டும் மூச்சு முட்டிச் சாகும்.

கணக்கு சரியாகத்தான் வந்தது. வந்ததுதான் பயம்.

நான் வாயைத் திறப்பதற்குள் கொட்டகைக்குள் இருந்து இன்னொரு சத்தம். ஜோடிக் காளையும் விழுந்துவிட்டது.

"ரெண்டு மாட்டையும் ஒரே பாம்பா கடிக்கும்?" என்று யாரோ முணுமுணுத்தார்கள். அதற்குள் தெருவில் பெண்கள் வரிசையாகத் தலையில் சோளக்கட்டோடு வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கட்டும் ஒவ்வொரு கொட்டகைக்குப் போகிறது. நான் அப்போதே சொல்ல வேண்டும், இல்லையென்றால் சொல்லவே வேண்டாம்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். சோளத்தைப் போடாதே என்றால், பட்டினி கிடக்கிற மாட்டுக்கு இருக்கிற ஒரே பச்சையையும் பிடுங்குகிறேன். நான் நினைத்தது தப்பாக இருந்தால், மாடுகள் பசியில் சாகும், பழி என் தலையில். சரியாக இருந்தால், மாடு சாகாது. சாகாத மாட்டை வைத்து எதை நிரூபிப்பது? இதற்கெல்லாம் மேலே, உப்பு என்று சொன்ன நிமிஷம் எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள். பேசாமல் சைக்கிளை எடுத்து, மாட்டு டாக்டரைக் கூட்டி வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பியிருக்கலாம். ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள். அந்த யோசனையும் வந்தது. பொய் சொல்வானேன், ஆசையாகவே வந்தது.

"யாரும் மாட்டுக்குச் சோளத்தட்டு போடாதீங்க! போட்டவங்க எடுத்துருங்க!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கிறீச்சென்று கேட்டது.

கவுண்டர் திரும்பினார். பெரிய மனிதர், அதுவரைக்கும் என்னை மரியாதைக் குறைவாக ஒரு சொல் சொன்னதில்லை. "ஏன் சார்? மழ பேஞ்சு பயிரு நிமுந்துடுச்சே. எங்க பாட்டன் காலத்துலருந்து இப்படித்தான் அறுத்துப் போடறோம்."

"உங்க பாட்டன் காலத்துல உப்பு போடலீங்களே."

சொல்லிவிட்டேன். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"அந்த உப்பு நீ சொல்லித்தான போட்டோம்?" என்றார் கவுண்டர். மரியாதை போய்விட்டது.

"ஆமாங்க. பயிருக்கு அது நல்லதுதான். மழ இல்லாம மண்ணுலயே கெடந்து, இப்ப ஒரேயடியா தண்டுல ஏறி நிக்குது. எட்டு, பத்து நாளு நல்லா வெயில் அடிச்சா பயிரே அதைச் சரி பண்ணிக்கும். அப்புறம் போடலாம்."

"பத்து நாளு! இன்னொரு நாளே தாங்காதுய்யா இதுங்க!" கவுண்டரின் தம்பி கத்தியோடு ஒரு அடி முன்னால் வந்தார். அது மாட்டின் காதைக் கீறிய கத்திதான், என்னைக் குத்த எடுத்தது இல்லை. ஆனாலும் என் கண் அதிலேயே நின்றது. கவுண்டர் அவரைக் கையால் தடுத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "சரி. ஊரு நீ சொன்னதைக் கேக்கட்டும். பசியில ஒரு மாடு செத்தாலும் உன்னைத்தான் வந்து கேப்பேன். எங்க போனாலும் வுடமாட்டேன்."

ஒருவரும் அசையவில்லை. கட்டைத் தலையில் வைத்தபடி பெண்கள் நின்றார்கள். அதில் சின்னப்பாப்பா என்று ஒருத்தி. புருஷன் பெங்களூருக்குக் கல் வேலைக்குப் போயிருந்தான். வீட்டில் இரண்டு சிறுபிள்ளைகளும் ஒரு சினை மாடும்தான். கன்று போட்டால் மொரப்பூர் ரயில் ஸ்டேஷன் டீக்கடைக்குப் பால் ஊற்றலாம் என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே வழி. அவள் என்னையும் பார்த்தாள், அதற்குள் உயிர் போய்க் கிடந்த கவுண்டர் மாடுகளையும் பார்த்தாள். தலையில் இருந்த கட்டைத் தெருவிலேயே தள்ளிவிட்டாள்.

"செத்த மாடு ரெண்டு போதும். நான் போடல," என்றாள்.

அவளைப் பார்த்து இன்னொருத்தி, பிறகு இன்னொருத்தி. வசவு வாங்கிக்கொண்டே வீடு வீடாகப் போய்த் தொட்டியில் கிடந்த தட்டையும் எடுக்க வைத்தேன். இருட்டுவதற்குள் பக்கத்து ஊர்களுக்கும் ஓடினேன், அங்கேயும் இதே உப்பு, இதே மழை. மறுநாள் வந்து பார்த்த மாட்டு டாக்டர், "நீ சொல்றது சரியாத்தான் இருக்கணும்" என்றார். இருக்கணும் என்றாரே ஒழிய, இருக்கிறது என்று சொல்லவில்லை. மற்ற ஊர்களுக்கு அலைந்ததில் அந்த ஊர்ப்பக்கம் என்னால் உடனே திரும்பிப் போக முடியவில்லை.

நாட்கள் போயின. நல்ல வெயில் அடித்தது. இனி போடச் சொல்லலாம் என்று நான் நினைத்திருந்த நாளுக்கு முந்தின ராத்திரி, கொட்டு கொட்டென்று மறுபடி மழை. ஊரெல்லாம் மழைக்குக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கும். நான் மட்டும் எழுந்து உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மண்ணில் மிச்சம் இருக்கிற உப்பை இந்த மழை மறுபடி கரைத்து ஏற்றியிருக்குமா? எவ்வளவு மிச்சம் இருந்தது? யாரைக் கேட்பது?

விடிந்ததும் சைக்கிளை மிதித்தேன். ஊர் எல்லையில் மாடுகள் உயிரோடு நிற்பதைப் பார்த்து மூச்சு வந்தது. ஆலந்தழை, பனை ஓலை, முள் சுட்ட சப்பாத்திக்கள்ளி என்று எதையெதையோ போட்டுச் சமாளித்திருந்தார்கள். அப்படியே சின்னப்பாப்பா வீட்டுக்குப் போனேன். போய் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

வீட்டுக்குக் கூரை இல்லை. மூங்கில் கழிகள் மட்டும் வெறுமனே நின்றன. ஒரு ஓரத்தில் மட்டும் கொஞ்சம் புல் ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே தரை சேறாகக் கிடந்தது. அவள் பிள்ளைகளின் துணியைப் பிழிந்து சுவர் மேல் போட்டுக்கொண்டிருந்தாள். மாடு பக்கத்தில் நின்றது.

"என்னம்மா இது?"

"மலைப்புல்லும் கம்பந்தட்டும் வேஞ்ச கூரைங்க. பிரிச்சுப் பிரிச்சு மாட்டுக்குப் போட்டுட்டேன். மரமேறித் தழை ஒடிக்க எங்க வூட்ல ஆம்பளை இல்லீங்களே." கோபமே இல்லாமல் சொன்னாள். "போடாதீங்கன்னு சொன்னீங்க. பதிலுக்கு என்னத்தைப் போடறதுன்னு சொல்லலீங்க. மழை வரும்னு நான் கண்டனா?"

செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. பிள்ளைகள் எங்கே என்று கேட்டேன். கோயில் மண்டபத்தில் தூங்குவதாகச் சொன்னாள்.

பிறகு அவள் கேட்டாள்: "இன்னிக்குப் போடலாமுங்களா? இனிப் போட ஒண்ணுமே இல்லீங்க."

அதற்குள் கவுண்டரும் நாலைந்து பேரும் வந்து வாசலில் நின்றார்கள். எல்லோரும் அதே கேள்வியோடுதான் வந்திருந்தார்கள். போடலாம் என்றால் இந்த மாடுதான் முதலில் தின்னப் போகிறது. வேண்டாம் என்றால் இன்றோ நாளையோ பசியில் விழுந்துவிடும். வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று சொல்லிவிட்டுப் போக முடியாத கேள்வி.

"போடலாம்," என்றேன். "ஆனா நான் சொல்ற மாதிரி."

காலியான வயிற்றில் பச்சையைக் கொட்டினால் ஆபத்து. எனவே கூரையில் ஒட்டியிருந்த மிச்சப் புல்லையும் நானே ஏறிப் பிடுங்கினேன். வேறு வழி தெரியவில்லை, மன்னிக்கச் சொல்லிக் கேட்கவும் நேரமில்லை. அதை முதலில் தின்ன வைத்தோம். தண்ணீர் காட்டினோம். பிறகு சோளத்தின் நுனித்தோகையை மட்டும் கிள்ளிக்கொண்டு வரச் சொன்னேன். அடித்தண்டு ஒரு துண்டுகூட வேண்டாம் என்றேன். ஒரு பிடி போட்டோம். கொஞ்சம் பொறுத்து இன்னொரு பிடி. பிறகு நிறுத்திவிட்டு, அந்தச் சேற்றுத் தரையிலேயே மாட்டின் முகத்துக்கு எதிரே உட்கார்ந்தேன்.

மாட்டின் உதட்டை விரித்து ஈறைப் பார்ப்பேன். நிறம் மாறுகிறதா என்று பார்ப்பேன். மூச்சைப் பார்ப்பேன். காளைகள் நடுங்கியது நினைவுக்கு வந்து, ஈ உட்கார்ந்து தோல் சிலிர்த்தால்கூட எனக்குத் தூக்கிவாரிப் போடும். வெயில் உச்சிக்கு ஏறியது.

"சார்," என்றாள் சின்னப்பாப்பா. "உங்களுக்குப் பயமா இருக்குதுங்களா?"

அதிகாரி என்ற முறையில் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். முடியவில்லை. "ஆமாம்மா. ரொம்பப் பயமா இருக்குது."

"அப்ப சரி," என்று அவளும் பக்கத்தில் குந்திக்கொண்டாள். "எனக்கு மட்டுந்தான் பயம்னு நெனச்சுட்டேன்."

கொஞ்ச நேரத்தில் மாடு முன்னங்காலை மடக்கியது. வாசலில் ஒரு பெண் "ஐயோ" என்றாள். மாடு மெதுவாகப் பின்னங்காலையும் மடக்கிப் படுத்தது. காதை ஆட்டியது. தொண்டையில் ஒரு உருண்டை மேலே வந்தது. பிறகு தாடை பக்கவாட்டில் அசைந்தது. அசை போட ஆரம்பித்துவிட்டது.

சின்னப்பாப்பா மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். கவுண்டர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு தம்பியைப் பார்த்து, "நம்ம தோட்டத்துல மாடு திங்காத காஞ்ச கரும்புச்சோகை கெடக்குதுல்ல, ரெண்டு வண்டி கொண்டாந்து இந்த வூட்டை வேஞ்சு குடு" என்றார்.

நீங்கள் வயலுக்குப் போவீர்கள். உங்கள் கையில் இப்போது பரிசோதனைக்கூடம் இருக்கிறது, போன் இருக்கிறது, நாங்கள் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம். ஆனாலும் ஒருநாள் யாரோ ஒருத்தி உங்கள் வார்த்தையை நம்பித் தலையில் இருப்பதைக் கீழே தள்ளுவாள். அவள் வீட்டில் அடுத்த வேளைக்கு என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு அப்புறம் பேசுங்கள்.

அன்று அழுகை அடங்கியதும் சின்னப்பாப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இனி நீங்க வூட்டுக்குப் போங்க சார். காலைலருந்து ஒண்ணும் சாப்பிடலீங்க" என்றாள். எழுந்தேன். தெருவுக்கு வந்தால், கவுண்டர் கொட்டகையில் மிச்சம் இருந்த கறவை மாட்டுக்கு நுனித்தோகையைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு இன்னும் பயம் தீரவில்லை. அங்கே போய் அந்த மாட்டுக்கு எதிரே உட்கார்ந்தேன்.